குட்டி டிஜிட்டல் கேமராவுக்கு திடீர் மவுசு: கையை கடிக்காமல், ஏமாறாமல் வாங்குவது எப்படி?

சென்னை:

செல்போன் வந்ததும் பீரோவுக்குள் போய் படுத்துக்கொண்ட குட்டி டிஜிட்டல் கேமராக்களுக்கு இப்போது மீண்டும் மவுசு வந்திருக்கிறது. சட்டைப்பையில் அடங்கும் இந்த கேமராக்களை கல்லூரி மாணவ-மாணவிகள் தேடித்தேடி வாங்குகிறார்கள்.

"அண்ணே, சி.சி.டி. கேமரா இருக்கா?" என்ற கேள்வியோடு ரிச்சி தெரு, பர்மா பஜார் பக்கம் போகிறவர்கள் ஒரு பக்கம். இன்ஸ்டாகிராமில் படத்தை பார்த்து வீட்டில் இருந்தபடியே பணம் அனுப்புகிறவர்கள் இன்னொரு பக்கம்.

ஆசைப்படுவதில் தப்பு இல்லை. ஆனால் இதில் பெரும்பாலானவை 10, 15 வருடத்துக்கு முந்தைய பழைய சரக்கு. புதுசு என்று விற்கப்படும் மலிவு கேமராக்களில் பொம்மைகளும் கலந்திருக்கின்றன. பகுதி நேர வேலை பார்த்து சேர்த்த பணமோ, அம்மா சீட்டு கட்டி எடுத்த பணமோ, ஒரே நாளில் கரைந்துவிடக்கூடாது.

குறைந்த பட்ஜெட்டில் நல்ல கேமரா வாங்க எதை பார்க்க வேண்டும்? எதை நம்பக்கூடாது? விவரம் வருமாறு:-

காணாமல் போன கதை

முதல் டிஜிட்டல் கேமராவை 1975-ம் ஆண்டு அமெரிக்காவின் கோடாக் நிறுவன என்ஜினீயர் ஸ்டீவன் சாசன் உருவாக்கினார். எடை சுமார் 3½ கிலோ. ஒரு படத்தை கேசட் டேப்பில் பதிவு செய்ய 23 வினாடி ஆனது. அதன் திறன் 0.01 மெகா பிக்சல்தான்.

அந்த கண்டுபிடிப்பு 2000-ம் ஆண்டுகளில் வீட்டுக்கு வீடு வந்தது. சிங்கப்பூர் மாமா, துபாய் சித்தப்பா ஊருக்கு வரும்போது பெட்டிக்குள் கட்டாயம் ஒரு கேமரா இருக்கும். 2010-ம் ஆண்டில் உலகம் முழுக்க 10 கோடிக்கும் அதிகமான குட்டி கேமராக்கள் கம்பெனிகளில் இருந்து விற்பனைக்கு வந்தன.

அதன்பிறகு செல்போன் கேமரா வளர்ந்தது. குட்டி கேமரா தேய்ந்தது. 2012-ல் கோடாக் நிறுவனமே டிஜிட்டல் கேமரா தயாரிப்பை விட்டது. 2018-ல் கேசியோ விலகியது. ஒலிம்பஸ் தனது கேமரா பிரிவை பிரித்து விற்றது. 2023-ல் உலகம் முழுக்க வெளிவந்த குட்டி கேமராக்கள் சுமார் 17 லட்சம்தான்.

10 கோடி எங்கே, 17 லட்சம் எங்கே! மலிவு விலையில் புதுசாக வருவது குறைந்துபோனதால்தான் பழசுக்கு இந்த கிராக்கி.

முதலில் இதை யோசிங்க

கேமரா வாங்குவதற்கு முன்பு ஒரு கேள்வி. உங்களுக்கு உண்மையிலேயே கேமரா தேவையா?

இன்றைய நடுத்தர விலை செல்போன்கள் பலவற்றில் உள்ள சென்சார், பழைய குட்டி கேமராவில் இருப்பதைவிட பெரியது. இரவில், விளக்கு வெளிச்சத்தில் செல்போன் படமே பளிச்சென்று இருக்கும். "செல்போனைவிட தெளிவா வரும்" என்று நினைத்து 5 ஆயிரம் ரூபாய்க்கு பழைய கேமரா வாங்கினால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

அப்படியானால் குட்டி கேமராவால் என்ன லாபம்? 3 விஷயம் உண்டு.

ஒன்று, ஆப்டிகல் ஜூம். லென்சே முன்னால் நீண்டு தூரத்தில் இருப்பதை கிட்டே கொண்டுவரும். பள்ளி ஆண்டு விழாவில் 10-வது வரிசையில் உட்கார்ந்து மேடையில் ஆடும் மகளை படம் எடுக்க இது உதவும். மலிவு செல்போனில் இது கிடையாது.

இரண்டு, உண்மையான பிளாஷ். செல்போனில் இருப்பது சின்ன எல்.இ.டி. விளக்கு. கேமராவில் இருப்பது செனான் பிளாஷ். கண் இமைக்கும் நேரத்தில் பளீரென்று மின்னி ஆளை அசையாமல் பிடிக்கும். இப்போது இளசுகள் விரும்பும் அந்த 'பழைய போட்டோ லுக்' வருவதற்கு முக்கிய காரணமே இந்த பிளாஷ்தான்.

மூன்று, கையில் செல்போன் இல்லாமல் படம் எடுக்கலாம். பிள்ளைகளை சுற்றுலா அனுப்பும்போது 20 ஆயிரம் ரூபாய் செல்போனை கொடுத்தனுப்ப பயப்படும் பெற்றோருக்கு இது நல்ல வழி.

இந்த மூன்றில் ஒன்றாவது உங்களுக்கு தேவை என்றால் மேலே படியுங்கள். தேவை இல்லை என்றால் பணத்தை பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

மெகா பிக்சல் மாயை

கடைக்கு போனதும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை மெகா பிக்சல்?" என்பதுதான். அதை கடைசியில் கேட்டால் போதும்.

ஒரு சின்ன கணக்கு. ஸ்டூடியோவில் போடும் 4-க்கு 6 அங்குல பிரிண்டுக்கு சுமார் 2 மெகா பிக்சல் போதும். 8-க்கு 12 அங்குலம் பெரிதாக பிரிண்ட் போட சுமார் 9 மெகா பிக்சல் போதும். வாட்ஸ்அப்பில் அனுப்ப அதுகூட வேண்டாம். எனவே 8 முதல் 12 மெகா பிக்சல் உள்ள பழைய கேமரா தாராளமாக போதுமானது.

கேனன் நிறுவனம் 2008-ல் ஜி10 என்ற கேமராவை 14.7 மெகா பிக்சலில் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு, அதாவது 2009-ல் வந்த ஜி11-ல் 10 மெகா பிக்சலாக குறைத்தது. எண்ணிக்கையை குறைத்தால் மங்கலான வெளிச்சத்தில் படம் நன்றாக வருகிறது என்பதுதான் காரணம். தயாரித்தவர்களே குறைத்திருக்கும்போது நாம் ஏன் அந்த எண்ணின் பின்னால் ஓட வேண்டும்?

சென்சார்தான் கேமராவின் கண்

பார்க்க வேண்டிய முக்கிய விஷயம் சென்சார் அளவு. வெளிச்சத்தை வாங்கி படமாக மாற்றும் சில்லு இது.

மழை பெய்யும்போது வாசலில் ஒரு டம்ளரையும் ஒரு அண்டாவையும் வைத்தால் எதில் அதிக தண்ணீர் சேரும்? அண்டாவில்தான். சென்சாரும் அப்படித்தான். பெரிதாக இருந்தால் வெளிச்சம் அதிகம் சேரும். இரவிலும் படத்தில் புள்ளி புள்ளியாக தெரியாது.

சாதாரண குட்டி கேமராக்களில் இருப்பது '1/2.3 அங்குல' சென்சார். இதன் உண்மையான அளவு சுமார் 6.2-க்கு 4.6 மில்லி மீட்டர். சுண்டுவிரல் நகத்தில் அடங்கிவிடும்.

அடுத்து '1/1.7 அங்குலம்'. இது கொஞ்சம் பெரியது. கேனன் எஸ்90 (2009), எஸ்95 (2010) போன்ற கேமராக்களில் இது இருந்தது. பழைய கடையில் நல்ல நிலையில் கிடைத்தால் யோசிக்காமல் எடுக்கலாம்.

அதற்கும் மேலே '1 அங்குல' சென்சார். பெயர்தான் 1 அங்குலம். உண்மையில் 13.2-க்கு 8.8 மில்லி மீட்டர்தான். அந்தக்கால டி.வி. கேமரா குழாய்களின் அளவை வைத்து வந்த பெயர் இது. ஆனாலும் சாதாரண குட்டி கேமராவைவிட பரப்பில் 4 மடங்கு பெரியது. 2012-ல் வந்த சோனி ஆர்.எக்ஸ்.100, 2014-ல் வந்த கேனன் ஜி7 எக்ஸ் ஆகியவை இந்த ரகம். இன்றும் விலை இறங்கவில்லை. சின்ன பட்ஜெட்காரர்கள் ஆசையோடு பார்த்துவிட்டு நகர வேண்டியதுதான்.

சி.சி.டி. என்றால் கூடுதல் விலையா?

இப்போது விற்பனையில் மந்திரச்சொல்லே 'சி.சி.டி.'தான். 2010-ம் ஆண்டு வாக்கில் வரை வந்த குட்டி கேமராக்களில் பெரும்பாலும் இந்த வகை சென்சார்தான் இருந்தது. பிறகு சிமாஸ் வகை வந்தது.

"சி.சி.டி.ன்னா கலரே தனி தம்பி" என்று சொல்லி விலையை ஏற்றுகிறார்கள். படத்தின் நிறத்தை தீர்மானிப்பது சென்சார் மட்டும் அல்ல. லென்சு, பிளாஷ், கேமராவுக்குள் இருக்கும் மென்பொருள் எல்லாம் சேர்ந்துதான் அந்த நிறத்தை கொடுக்கின்றன. சி.சி.டி. என்ற ஒரே வார்த்தைக்காக ஆயிரக்கணக்கில் கூடுதலாக கொடுப்பது வீண்.

இன்னொரு உண்மையும் உண்டு. இரவு வெளிச்சத்தில் சிமாஸ் சென்சார்தான் கைகொடுக்கும். கேனன் கேமராவில் பெயருக்கு பின்னால் 'எச்.எஸ்.' என்று இருந்தால் அது சிமாஸ் வகை. வீட்டுக்குள் பிறந்தநாள், நிச்சயதார்த்தம் என்று எடுப்பவர்களுக்கு அதுவே பொருத்தம். பிளாஷ் போட்டு பழைய காலத்து படம்போல எடுக்க ஆசை என்றால் சி.சி.டி. வாங்கலாம்.

சென்னை வெயிலுக்கு உஷார்!

மிகப்பழைய கேமரா வாங்குவோர் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது.

2002 முதல் 2004 வரை தயாரான பல கேமராக்களில் சோனி கொடுத்த சி.சி.டி. சென்சாரில் ஒரு கோளாறு இருந்தது. வெப்பமும் ஈரமும் அதிகமான இடத்தில் வைத்தால் உள்ளே இருக்கும் மெல்லிய கம்பி இணைப்பு விட்டுப்போகும். படம் ஊதா நிறமாகவோ, நெளிந்தோ, ஒரேயடியாக கறுப்பாகவோ வரும்.

இந்த பிரச்சினை 2005-ல் வெளியே வந்தது. சோனி மட்டும் அல்ல, அந்த சென்சாரை வாங்கி போட்ட கேனன், நிக்கான், புஜி, ஒலிம்பஸ் உள்ளிட்ட கம்பெனிகளின் சில மாடல்களும் மாட்டின. அப்போது கம்பெனிகள் இலவசமாக சரிசெய்து கொடுத்தன. 20 வருடம் கழித்து அதை எதிர்பார்க்க முடியாது.

வெப்பம், ஈரம் இரண்டுக்கும் பேர்போன ஊர் சென்னை. எனவே 2005-க்கு முந்தைய கேமராவை "அழகா இருக்கே" என்று வாங்கிவிடாதீர்கள். இன்று வேலை செய்கிறது என்பதற்காக சித்திரை மாதம் வரை தாங்கும் என்று சொல்ல முடியாது. 2007 முதல் 2014 வரை வந்தவை பாதுகாப்பான தேர்வு.

'48 மெகா பிக்சல்' பொம்மை

ஆன்லைனில் '48 மெகா பிக்சல், 4கே வீடியோ, 16 எக்ஸ் ஜூம்' என்று பெரிய எழுத்தில் போட்டு, சில ஆயிரம் ரூபாய்க்கு புத்தம் புது கேமரா விற்கிறார்கள். பெட்டி அழகாக இருக்கும். கேள்விப்படாத பெயராக இருக்கும்.

இதில் பலவற்றில் இருப்பது மலிவு செல்போன், வெப் கேமராவில் போடும் மிகச்சிறிய சென்சார். எடுத்த சின்ன படத்தை மென்பொருள் மூலம் ஊதி பெரிதாக்கி 48 மெகா பிக்சல் என்று காட்டுகிறார்கள். பலூனை ஊதினால் ரப்பர் அதிகமாகிவிடாது. அதே கதைதான் இங்கேயும்.

கண்டுபிடிப்பது சுலபம். கேமராவை ஆன் செய்யும்போது லென்சு வெளியே வருகிறதா என்று பாருங்கள். வராமல், 'டிஜிட்டல் ஜூம்' என்று மட்டும் எழுதியிருந்தால் உஷார். டிஜிட்டல் ஜூம் என்பது படத்தை வெட்டி பெரிதாக்குவதுதான். அதை நீங்களே செல்போனில் 2 விரலால் செய்துவிடலாம்.

சோனியின் டி வரிசைபோல சில நல்ல கேமராக்களில் லென்சு உள்ளேயே மடங்கி இருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். அப்படிப்பட்டவற்றில் 'ஆப்டிகல் ஜூம்' என்று தெளிவாக எழுதியிருக்கும்.

லென்சில் என்ன பார்க்கணும்?

லென்சின் ஓரத்தில் 28-112 என்பதுபோல ஒரு எண்ணோ, 5.0-20.0 என்பதுபோல சின்ன எண்ணோ இருக்கும். சின்ன எண் என்றால் குழப்பம். கடைக்காரரிடம் "35 மில்லி மீட்டர் கணக்கில் எத்தனை?" என்று கேளுங்கள். அல்லது மாடல் பெயரை செல்போனில் தேடிப்பாருங்கள்.

முதல் எண் 28-க்கு பக்கத்தில் இருந்தால் நல்லது. நம் வீட்டு ஹால் சின்னது. கேக் வெட்டும்போது 10 பேர் நிற்பார்கள். 35, 38 என்று தொடங்கும் பழைய கேமராவில் எல்லோரையும் அடக்க பின்னால் நகர்ந்து நகர்ந்து சமையல்கட்டுக்கே போய்விட வேண்டியதுதான்.

ஜூம் 4 அல்லது 5 மடங்கு இருந்தால் வீட்டு உபயோகத்துக்கு போதும். 8 மடங்கு, 10 மடங்கு என்றால் 'ஆப்டிகல் ஸ்டெபிலைசர்' இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் கை நடுக்கத்தில் படம் கலங்கிப்போகும்.

பிளாசும் தூரத்துக்கு எட்டாது. பெரும்பாலான குட்டி கேமராக்களில் 3 முதல் 4 மீட்டர் வரைதான் வெளிச்சம் போகும். கல்யாண மண்டபத்தில் கடைசி வரிசையில் இருந்து பிளாஷ் அடித்தால் முன் வரிசைக்காரரின் தலைதான் பளபளக்கும்.

பேட்டரி விஷயத்தில் கோட்டை விடாதீங்க

பழைய கேமரா வாங்கியவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இங்கேதான். கேமரா நன்றாக இருக்கும். பேட்டரி செத்திருக்கும்.

குட்டி கேமராக்களில் 2 வகை உண்டு. ஒன்று, சுவர் கடிகாரம், டார்ச் லைட், ரிமோட்டில் போடும் 'டபுள் ஏ' பேட்டரியில் ஓடுவது. கேனன் பவர்ஷாட் ஏ வரிசையில் பல மாடல்களும், நிக்கான் கூல்பிக்ஸ் எல் வரிசையும் இந்த ரகம். கொஞ்சம் குண்டாக இருக்கும். ஆனால் பேட்டரி எந்த ஊரிலும் கிடைக்கும்.

இதில் பெட்டிக்கடையில் வாங்கும் மலிவு பேட்டரியை போட்டால் நாலைந்து படத்திலேயே நின்றுவிடும். கேமரா கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு என்ற ரீசார்ஜ் பேட்டரி 4-ம், ஒரு சார்ஜரும் வாங்கினால் வருடக்கணக்கில் உழைக்கும்.

இன்னொரு வகை, அந்த கேமராவுக்கு என்றே வரும் லித்தியம் பேட்டரி. மெல்லிசான, ஸ்டைலான கேமராக்கள் இதில் ஓடும். வாங்கும் முன்பே பேட்டரியின் பெயரை பார்த்து, புது பேட்டரி கிடைக்கிறதா, என்ன விலை என்று விசாரியுங்கள். சார்ஜர் கூடவே வருகிறதா என்பதையும் கேளுங்கள். கேமரா 4 ஆயிரம், பேட்டரியும் சார்ஜரும் தேடி இன்னொரு ஆயிரத்து ஐநூறு என்றால் பட்ஜெட் எகிறிவிடும்.

பேட்டரி உப்பியிருந்தால் தொடவே கூடாது. "உள்ள போகுது, வெளியதான் வரமாட்டேங்குது" என்றால் அது உப்பிய பேட்டரி என்று அர்த்தம். தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. குப்பைத்தொட்டியிலும் போடாதீர்கள். மின்னணு கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.

எந்த மெமரி கார்டு?

செல்போனுக்கு வாங்கிய 128 ஜி.பி. கார்டை பல பழைய கேமராக்களில் போட்டால் ஏற்காது.

எஸ்.டி. கார்டு என்பது 2 ஜி.பி. வரை. எஸ்.டி.எச்.சி. என்பது 4 முதல் 32 ஜி.பி. வரை. எஸ்.டி.எக்ஸ்.சி. என்பது அதற்கு மேல். எஸ்.டி.எச்.சி. வந்ததே 2006-ல்தான். அதற்கு முந்தைய கேமராக்கள் 2 ஜி.பி.க்கு மேல் படிக்காது. கேமரா மேல் எஸ்.டி.எச்.சி. என்று எழுதியிருந்தால் 8 அல்லது 16 ஜி.பி. கார்டு போதும். ஆயிரக்கணக்கில் படம் எடுக்கலாம்.

பழைய ஒலிம்பஸ், புஜி கேமராக்களில் 'எக்ஸ்.டி.' என்ற தனி கார்டும், 2010-க்கு முந்தைய சோனியில் 'மெமரி ஸ்டிக்' என்ற தனி கார்டும் இருக்கும். எக்ஸ்.டி. கார்டு தயாரிப்பதே நின்றுவிட்டது. கேமரா ஆயிரம் ரூபாய்க்கு கிடைக்கலாம், கார்டுக்கு அலைய வேண்டும். புதிதாக வாங்குபவர்கள் எஸ்.டி. கார்டு போடும் கேமராவையே எடுப்பது நல்லது.

மலிவாக கிடைக்கிறதே என்று போலி கார்டு வாங்காதீர்கள். 64 ஜி.பி. என்று காட்டும். உள்ளே 8 ஜி.பி.தான் இருக்கும். நிறைந்தபிறகு எடுக்கும் படமெல்லாம் காற்றோடு போகும். காதுகுத்து, வளைகாப்பு போன்றவற்றை திரும்ப நடத்தி படம் எடுக்க முடியுமா?

படத்தை செல்போனுக்கு மாற்ற டைப்-சி முனையுள்ள ஒரு கார்டு ரீடர் போதும். கேமராவோடு வந்த பழைய கேபிளை தேடி அலைய வேண்டாம்.

கடையிலேயே 10 நிமிட பரிசோதனை

பழைய கேமரா வாங்கப்போகும்போது ஒரு மெமரி கார்டும், 2 டபுள் ஏ பேட்டரியும் கையோடு எடுத்துச்செல்லுங்கள். கடைக்காரர் அவசரப்படுத்தினாலும் நிதானமாக இதை எல்லாம் பாருங்கள்:-

* கேமராவை 5 முறை ஆன், ஆப் செய்யுங்கள். லென்சு கரகரவென்று சத்தம் போட்டாலோ, பாதியில் நின்றாலோ வேண்டாம். 'லென்ஸ் எரர்' வந்தால் கையெடுத்து கும்பிட்டுவிட்டு நகருங்கள். ரிப்பேர் செலவு கேமரா விலையை தாண்டும்.

* செல்போன் டார்ச்சை லென்சுக்குள் சாய்வாக அடித்து பாருங்கள். சிலந்தி வலைபோல் தெரிந்தால் அது பூஞ்சை. கடற்கரை ஊர்களில் இது சாதாரணம். சுத்தம் செய்வது சுலபம் அல்ல.

* வெள்ளை சுவரை ஒரு படம் எடுங்கள். கறுப்பு திட்டுகள் தெரிந்தால் உள்ளே தூசி இருக்கிறது. லென்சை கையால் மூடி ஒரு படம் எடுங்கள். சிவப்பு, நீல புள்ளிகள் நிறைய மின்னினால் சென்சார் வயதாகிவிட்டது.

* எழுதியிருக்கும் பெயர்ப்பலகை ஒன்றை ஜூம் இல்லாமலும், முழு ஜூமிலும் எடுங்கள். நடுவிலும் 4 மூலையிலும் எழுத்து தெளிவாக இருக்கிறதா பாருங்கள். ஒரு மூலை மட்டும் மங்கினால் கேமரா கீழே விழுந்திருக்கிறது என்று அர்த்தம்.

* பிளாஷ் 3, 4 முறை தொடர்ந்து அடிக்கிறதா பாருங்கள்.

* பேட்டரி மூடி சரியாக பூட்டுகிறதா? ரப்பர் பேண்டு, டேப் ஒட்டியிருந்தால் வேண்டாம். உள்ளே பச்சை நிறத்தில் துரு இருந்தாலும் வேண்டாம்.

* தேதியை சரிசெய்து, பேட்டரியை 5 நிமிடம் கழற்றிவிட்டு மீண்டும் போடுங்கள். தேதி அழிந்துவிட்டால் உள்ளே இருக்கும் குட்டி பேட்டரி போய்விட்டது. படம் எடுக்க தடை இல்லை. ஆனால் இதைச்சொல்லி விலையை குறைக்கலாம்.

* எடுத்த படங்களை கேமரா திரையில் மட்டும் பார்த்து திருப்தி அடையாதீர்கள். கார்டு ரீடர் மூலம் செல்போனில் போட்டு பெரிதாக்கி பாருங்கள். சின்ன திரையில் எல்லா படமும் அழகாகத்தான் தெரியும்.

எவ்வளவு பணத்துக்கு என்ன வாங்கலாம்?

விலை கடைக்கு கடை, நாளுக்கு நாள் மாறும். கையில் இருக்கும் தொகையை வைத்து இப்படி திட்டமிடலாம்.

பணமே இல்லையா? முதலில் வீட்டு பீரோ, பரண், அத்தை வீடு, பெரியப்பா வீடு எல்லாம் தேடுங்கள். 10 கோடி கேமரா விற்ற காலத்தில் வாங்கியவை எங்கேயோ தூங்கிக்கொண்டுதான் இருக்கின்றன. ஒரு பேட்டரி செலவோடு வேலை முடிந்துவிடும்.

ரூ.3 ஆயிரம் வரை என்றால், டபுள் ஏ பேட்டரியில் ஓடும் கேமராவை தேடுங்கள். 2011-ல் வந்த கேனன் ஏ1200 ஒரு நல்ல உதாரணம். 12 மெகா பிக்சல், 28 மில்லி மீட்டரில் தொடங்கும் லென்சு, 4 மடங்கு ஜூம். கண் வைத்து பார்க்க குட்டி ஜன்னலும் உண்டு. வெயிலில் திரை தெரியாதபோது உதவும். 2016-ல் வந்த நிக்கான் கூல்பிக்ஸ் ஏ10-ம் இந்த ரகம்தான்.

ரூ.5 ஆயிரம் முதல் ரூ.8 ஆயிரம் வரை என்றால், மெல்லிசான கேமராக்களை பார்க்கலாம். சோனி டபிள்யூ830 (2014), கேனன் இக்சஸ் 185 (2017) ஆகியவை சி.சி.டி. சென்சார், 8 மடங்கு ஜூம் கொண்டவை. வயது குறைவு என்பதால் பேட்டரியும் எளிதில் கிடைக்கும். இரவு படம் முக்கியம் என்றால் கேனன் எச்.எஸ். வகையையோ, எஸ்90, எஸ்95 கேமராக்களையோ தேடுங்கள்.

ரூ.10 ஆயிரத்துக்கு மேல் கையில் இருந்து, பழசு வேண்டாம் என்றால், கோடாக் பெயரில் வரும் பிக்ஸ்புரோ வரிசை போன்ற புது கேமராக்களை உத்தரவாதத்தோடு வாங்கலாம். இதை தயாரிப்பது பழைய கோடாக் அல்ல. பெயரை உரிமம் பெற்று ஜே.கே.இமேஜிங் என்ற நிறுவனம் விற்கிறது. பெயரை பார்த்து மயங்காமல், படத்தை பார்த்து முடிவு செய்யுங்கள்.

எதுவானாலும் கையில் இருக்கும் பணத்தில் 4-ல் ஒரு பங்கை பேட்டரி, கார்டு, கார்டு ரீடர், உறை ஆகியவற்றுக்கு ஒதுக்கிவிட்டு மீதியில் கேமரா பாருங்கள்.

இன்ஸ்டாகிராமில் பணம் அனுப்பும் முன்பு

"கடைசி பீஸ், இப்பவே 2 ஆயிரம் அட்வான்ஸ் போடுங்க" என்று அவசரப்படுத்தினால் உஷார். நல்ல வியாபாரி அவசரப்படுத்த மாட்டார்.

கேமராவை ஆன் செய்து, ஜூம் செய்து, படம் எடுத்து காட்டும் வீடியோ கேளுங்கள். கூடவே உங்கள் பெயரை ஒரு தாளில் எழுதி அருகில் வைத்து எடுக்கச்சொல்லுங்கள். வேறு யாரோ போட்ட படத்தை காட்டி ஏமாற்றுபவர்கள் அங்கேயே காணாமல் போவார்கள். முடிந்தவரை பொருளை பார்த்தபிறகு பணம் கொடுங்கள்.

பார்சல் வந்தால் பிரிப்பதை தொடக்கத்தில் இருந்து வீடியோ எடுத்து வையுங்கள். பணத்தை பறிகொடுத்துவிட்டால் வெட்கப்பட்டு சும்மா இருக்காதீர்கள். உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை கூப்பிடுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அந்த அளவுக்கு பணத்தை முடக்கி வைக்க வாய்ப்பு உண்டு.

கடையில் வாங்கினால் பில் அவசியம். டிஜிட்டல் கேமராவுக்கான ஜி.எஸ்.டி. வரி 2019 ஜனவரியில் 28 சதவீதத்தில் இருந்து 18 சதவீதமாக குறைக்கப்பட்டது. "பில் வேணும்னா ரேட் ஏறும்" என்று சொன்னால், சின்ன தொகைக்காக பில்லை விட்டுக்கொடுக்காதீர்கள்.

பில்லில் கேமராவின் சீரியல் எண்ணை எழுதச்சொல்லுங்கள். பழைய கேமரா திருட்டு பொருளாக இருந்தால் நாளை உங்களை காப்பாற்றுவது அந்த பில்தான். திருட்டு பொருள் என்று தெரிந்தே வாங்குவது குற்றம்.

பில் இருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். மாவட்ட நுகர்வோர் கோர்ட்டுக்கும் போகலாம். வாங்கிய பொருளின் மதிப்பு ரூ.5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. 2 ஆண்டுக்குள் வழக்கு போட வேண்டும்.

வாங்கியபிறகு எப்படி பாதுகாக்கணும்?

பீரோவில் துணிக்கு நடுவில் வைக்காதீர்கள். காற்றுப்போகாத பிளாஸ்டிக் டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். புது செருப்பு, பை வாங்கும்போது உள்ளே இருக்குமே, அதுதான். அரிசி டப்பாவில் போடுவது தவறு. மாவு தூசி லென்சுக்குள் போய்விடும்.

பல வாரம் பயன்படுத்தாவிட்டால் பேட்டரியை கழற்றி தனியாக வையுங்கள். மெரினா, மாமல்லபுரம் போனால் மணலில் கேமராவை வைக்காதீர்கள். லென்சு நீளும் இடுக்கில் ஒரு மணல் துகள் மாட்டினால் கதை முடிந்தது.

கேமரா ரிப்பேர் ஆனால் வீட்டில் ஸ்குரு டிரைவரை எடுத்து பிரிக்கவே கூடாது. பிளாசுக்காக உள்ளே இருக்கும் கெபாசிட்டரில் சுமார் 300 வோல்ட் மின்சாரம் தேங்கி நிற்கும். பேட்டரியை கழற்றியபிறகும் தூக்கி அடிக்கும்.

எடுத்த படங்களை வாரம் ஒருமுறை கம்ப்யூட்டரிலோ, பென் டிரைவிலோ இன்னொரு பிரதி எடுத்து வையுங்கள். செல்போன்போல இது தானாக எங்கேயும் சேமித்து வைக்காது. கேமரா தொலைந்தால் வேறு வாங்கலாம். உள்ளே இருக்கும் படம் தொலைந்தால் வாங்க முடியாது.

கடைசியாக ஒரு விஷயம். ஒரே கடையில் பார்த்துவிட்டு வாங்காதீர்கள். குறைந்தது 3 கடை ஏறி இறங்குங்கள். பேரம் பேசுங்கள். பரிசோதனை செய்ய விடாத கடையில் எவ்வளவு மலிவாக கொடுத்தாலும் வாங்க வேண்டாம்.